அடிபட்ட கார், நிக்காத இன்ஜின்: டபிள்யூ.ஓ. பென்ட்லியின் கதை

1927, ஜூன் 18. பிரான்ஸின் லெ மான்ஸில் 24 மணி நேர ரேஸ். மாலை 4 மணிக்குக் கிளம்பிய கார்களில், இருட்டும்வரை முன்னால் ஓடியவை மூணு பென்ட்லி கார்கள்.

அப்புறம்தான் வந்தது 'வெள்ளை வீடு' வளைவு. அங்கே ஒரு பிரெஞ்சு கார் ரோட்டை மறித்தபடி நின்றிருந்தது. முதலில் வந்த பென்ட்லி கவிழ்ந்தது. இரண்டாவது பென்ட்லியும் மாட்டியது. மூன்றாவதாக வந்த 3-ம் நம்பர் காரை ஓட்டியவர் சாம்மி டேவிஸ். ரோட்டில் மண் சிதறிக் கிடந்ததைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்தார். அப்படியும் கார் வழுக்கிக்கொண்டு போய் பக்கவாட்டில் மோதியது.

நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஆனால், மூணு காரில் நகரக்கூடிய நிலையில் இருந்தது அந்த 3-ம் நம்பர் மட்டும்தான். டேவிஸ் அதை ரிவர்ஸ் எடுத்து, மெதுவாக ஓட்டி பிட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கே காத்திருந்தார் அந்த காரை உருவாக்கிய வால்ட்டர் ஓவன் பென்ட்லி. எல்லோருக்கும் அவர் வெறும் டபிள்யூ.ஓ.

ரயிலில் தொடங்கியது

1888-ல் லண்டனில் பிறந்தவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பை 16 வயதில் விட்டுவிட்டு, டான்காஸ்டர் ரயில்வே பணிமனையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தார். உலோகத்தை வார்ப்பது, கடைவது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது என ஐந்து வருஷம் கைவேலை. நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற வேலையையும் பார்த்தார்.

அப்புறம் பைக் ரேஸ் மோகம் பிடித்தது. 1912-ல் அண்ணனுடன் சேர்ந்து 'டி.எஃப்.பி' என்ற பிரெஞ்சு கார்களை லண்டனில் விற்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அந்த கம்பெனி ஆபீஸுக்குப் போனபோது, மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு குட்டி அலுமினிய பிஸ்டன் கண்ணில் பட்டது. சும்மா அழகுக்கு வைத்தது! ஆனால் டபிள்யூ.ஓ-வுக்கு அங்கேதான் பொறி தட்டியது. இரும்பு பிஸ்டனை விட இது எடை குறைவு, சூட்டையும் சீக்கிரம் கடத்தும். அப்படியானால் இன்ஜினை இன்னும் வேகமாகச் சுழல விடலாமே? அலுமினியத்துடன் கொஞ்சம் செம்பு கலந்து பிஸ்டன் செய்து மாட்டினார். கார் பறந்தது.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களின் இன்ஜின்கள் சூடேறிப் பழுதானபோதும் இதே அறிவுதான் கைகொடுத்தது. அலுமினிய சிலிண்டர்களுடன் அவர் வடிவமைத்த இன்ஜின், 'கேமல்' போர் விமானங்களில் பறந்தது. வானத்தில் இன்ஜின் நின்றால் பைலட்டின் உயிர் போகும். நிக்காத இன்ஜின் செய்யணும் என்கிற பிடிவாதம் அங்கிருந்து வந்ததுதான்.

1919-ல் பென்ட்லி மோட்டார்ஸ் பிறந்தது. முதல் கார் 3 லிட்டர், நாலு சிலிண்டர். சிலிண்டருக்கு நாலு வால்வு, ரெண்டு ஸ்பார்க் பிளக். தீப்பொறி கொடுக்க ரெண்டு மேக்னெட்டோ. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓட்டும். சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. அதனால் ஹெட் காஸ்கெட்டே கிடையாது. இல்லாத காஸ்கெட் எப்படிங்க புகையும்?

தொட முடியாத கார்

இப்போது பிட்டுக்கு வருவோம். முன் ஆக்ஸில் வளைந்திருந்தது. சேஸிஸும் கோணல். மட்கார்டு நசுங்கி, ஒரு ஹெட்லைட் காலி.

டபிள்யூ.ஓ. அந்த இன்ஜினின் ஒவ்வொரு போல்ட்டையும் அறிந்தவர். ஆனால், அவரால் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட முடியாது. ஓட்டுநர் மட்டுமே, காரிலேயே இருக்கும் டூல்ஸை வைத்துத்தான் ரிப்பேர் பார்க்க வேண்டும். அதுதான் ரேஸ் விதி. முந்தைய வருஷமும் இதே லெ மான்ஸில் மூணு பென்ட்லியும் ரேஸை முடிக்கவில்லை. கம்பெனியின் கஜானாவும் எப்போதும் பற்றாக்குறைதான். இந்த முறையும் வெறுங்கையோடு திரும்பினால் யார் கார் வாங்குவார்கள்?

முன்பக்கம் இடிபட்ட காரில் கண்ணுக்கு முதலில் தெரிவது தகரம்தான். ஆனால், தகரம் நசுங்கியதால் இன்ஜின் நிற்காது. ரேடியேட்டர் கிழிந்து தண்ணீர் போனால் நிற்கும். அடியில் ஆயில் சம்ப் உடைந்தால், பிரஷர் விழுந்து பேரிங் உருகும். அதனால் நல்ல மெக்கானிக் முதலில் குனிந்து கசிவைத் தேடுவார். அடுத்து, இன்ஜின் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். ஆயில் பிரஷரும் சூடும் நிலையாக இருக்கிறதா என்று கடைசியாக மீட்டரைப் பார்ப்பார்.

அந்த 3 லிட்டர் இன்ஜின் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, நோய் உடம்பில்தான், இதயத்தில் இல்லை. டேவிஸ் நசுங்கியதை நிமிர்த்தி, ஆடியதைக் கட்டி, காரைத் திரும்ப ட்ராக்கில் இறக்கினார். அவரோடு மாறி மாறி ஓட்டியவர் டட்லி பெஞ்சஃபீல்ட், நிஜமாகவே ஒரு டாக்டர்! ராத்திரியில் மழை. ஸ்டீயரிங் சரியில்லை, வெளிச்சமும் குறைவு. ரெண்டு பேரும் விடவில்லை.

காதால் பிடித்த பழுது

காலையில் முன்னால் இருந்தது 'ஏரீஸ்' என்ற பிரெஞ்சு கார். பல லேப் வித்தியாசம். ஆனால் அதன் இன்ஜினில் ஏதோ தப்பான சத்தம் வருவதை பென்ட்லி தரப்பு கவனித்தது. டபிள்யூ.ஓ. வேகத்தைக் கூட்டச் சொன்னார். இவர்கள் விரட்டினால் அவர்களும் விரட்டியாக வேண்டும் இல்லையா? ஏற்கெனவே சோர்ந்திருந்த இன்ஜின் அதைத் தாங்குமா?

தாங்கவில்லை. கடைசி ரெண்டு மணி நேரத்துக்குள் ஏரீஸ் நின்றுபோனது. அடிபட்ட பென்ட்லி 137 லேப், அதாவது சுமார் 2,370 கி.மீ. ஓடி ஜெயித்தது. ரெண்டாவதாக வந்த கார் 20 லேப் பின்னால்! லண்டன் சவாய் ஹோட்டலில் நடந்த வெற்றி விருந்துக்கு, அந்த நசுங்கிய காரையே ஹாலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அடுத்த மூணு வருஷமும் லெ மான்ஸ் பென்ட்லிக்குத்தான். ஆனால் வெளியே பளபளப்பு, உள்ளே கசிவு. உலகப் பொருளாதாரமே சரிந்த அந்த நாள்களில், 1931-ல் கம்பெனி திவாலாகி ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போனது. தன் பெயரில் இருந்த கம்பெனியிலேயே டபிள்யூ.ஓ. சம்பளக்காரர் ஆனார்.

அத்தோடு அவர் ஓயவில்லை. 1935-ல் லகொண்டா கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் மேற்பார்வையில் பிறந்த ஆறு சிலிண்டர் இன்ஜின்தான், பின்னாளில் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2-வை ஓட்டியது. 1971-ல், 82 வயதில் டபிள்யூ.ஓ. இறந்தபோது, பென்ட்லி என்ற பெயர் அவருக்குச் சொந்தமாக இல்லாமல்போய் நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அவர் செய்த பழைய 3 லிட்டர் கார்கள் மட்டும் அப்போதும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன.