நடித்தது சில எபிசோடுகள்தான், கிடைத்ததோ 2 எம்மி! ‘கெஸ்ட் ரோல்’ ராணி காலீன் டியூஹர்ஸ்ட் யார்?

1991 ஆகஸ்ட் 22. நியூயார்க் மாநிலத்தில் சவுத் சேலம் என்ற ஊரில் உள்ள தன் வீட்டில் காலீன் டியூஹர்ஸ்ட் இறந்துபோனார். வயது 67. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சரியாக 3 நாள் கழித்து, ஆகஸ்ட் 25ல் கலிஃபோர்னியாவின் பசடேனா நகரில் 43வது எம்மி விருது விழா. அந்த ஆண்டு நகைச்சுவைத் தொடரில் நடித்த சிறந்த கெஸ்ட் நடிகை விருது அவருக்குத்தான். ஆனால், வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அமெரிக்க டிவியில் ஒரு எபிசோடுக்கு வந்து போகும் நடிகைகளுக்குக் கொடுக்கப்படும் இந்த விருதின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், முதல் பெயரே இவருடையதுதான். யார் இந்த காலீன்? நாடக மேடையின் பெரிய நடிகை ஒருவர் காமெடி சீரியலுக்குள் எப்படி வந்தார்? பார்க்கலாம்.

முதலில், அது என்ன கெஸ்ட் விருது?

நம்ம ஊர் டைட்டில் கார்டில் ‘கௌரவத் தோற்றம்’ என்று போடுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். தொடரின் நிரந்தர நடிகர் பட்டியலில் இவர்கள் இருக்க மாட்டார்கள். ஓர் எபிசோடில் மாமியாராக, பழைய காதலியாக, பக்கத்து வீட்டுக்காரராக வருவார்கள். கதையைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பார்க்க ஈஸியாகத் தெரியும். ஆனால், ரொம்பக் கஷ்டமான வேலை. மற்றவர்கள் வருடக்கணக்கில் பழகிய செட்டுக்குள் புதிதாக நுழைந்து, சில நாள் ஒத்திகையிலேயே அவர்களுடைய டைமிங்கைப் பிடிக்க வேண்டும். சறுக்கினால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்ற வாய்ப்பெல்லாம் கிடையாது.

1986 முதல் 1988 வரை காமெடி தொடர்களின் கெஸ்ட் கலைஞர்களுக்கு ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒரே எம்மி விருதுதான் இருந்தது. 1986ல் ராஸ்கோ லீ பிரவுன், 1987ல் ஜான் கிளீஸ், 1988ல் பியா ரிச்சர்ட்ஸ் வாங்கினார்கள். 1989ல் நடிகருக்குத் தனி, நடிகைக்குத் தனி என்று இரண்டாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்த முதல் ஆண்டிலேயே நடிகை விருதைத் தட்டிச் சென்றவர் காலீன். தொடரின் பெயர் ‘மர்ஃபி பிரவுன்’.

மாண்ட்ரியல் டு நியூயார்க்

காலீன் பிறந்தது 1924 ஜூன் 3ல், கனடாவின் மாண்ட்ரியல் நகரில். அப்பா மிட்டாய்க் கடைகள் நடத்தியவர், விளையாட்டு வீரரும்கூட. அம்மா கிறிஸ்டியன் சயின்ஸ் என்ற மதப்பிரிவைச் சேர்ந்தவர். நோயைப் பிரார்த்தனையால் குணமாக்க முடியும் என்பது அந்தப் பிரிவின் நம்பிக்கை. காலீனின் வாழ்க்கைக் கதையின் கடைசியில் இந்தத் தகவல் மறுபடி வரும்.

குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிப் படிப்பு, 2 வருடம் கல்லூரி. அதன்பின் நடிப்பு ஆசை நியூயார்க்குக்கு இழுத்துப் போனது. அங்கே அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாடிக் ஆர்ட்ஸில் சேர்ந்தார். வாடகை கட்ட லிஃப்ட் ஆபரேட்டர், ரிசப்ஷனிஸ்ட் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார்.

1952ல் பிராட்வேயில் ஒரு வாய்ப்பு வந்தது. யூஜின் ஓ’நீலின் ‘டிசையர் அண்டர் தி எல்ம்ஸ்’ நாடகம். கிடைத்தது கூட்டத்தோடு நடனமாடும் பக்கத்து வீட்டுப் பெண் வேடம். அப்போது அவருக்கு 27 வயது. சினிமா கனவோடு வந்தவர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் வயது அது. காலீன் திரும்பவில்லை.

டிக்கெட் இல்லாத நாடகம் கொடுத்த பெயர்

1956ல் ஜோசப் பாப் என்ற நாடகத் தயாரிப்பாளர் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் ஓரப் பூங்காவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தார். காசில்லாதவர்களும் நாடகம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அங்கே ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’வில் யாருக்கும் அடங்காத கேத் வேடம் காலீனுக்கு. கரகரப்பான குரல், பெரிய சிரிப்பு, மேடையை நிரப்பும் உடல்மொழி. பத்திரிகைகள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தன.

1961ல் ‘ஆல் தி வே ஹோம்’ நாடகத்துக்காக முதல் டோனி விருது கிடைத்தது. 1963ல் அதே ‘டிசையர் அண்டர் தி எல்ம்ஸ்’ ஆஃப் பிராட்வேயில் மறுபடி மேடையேறியபோது அவருக்குக் கதாநாயகி வேடம். கூட்டத்தில் ஒருவராக ஆடிய நாடகத்திலேயே நடுவில் வந்து நிற்க 11 வருடம் ஆகியிருந்தது.

அந்த நாடகத்தில் கூட நடித்தவர் அவருடைய கணவர் ஜார்ஜ் சி.ஸ்காட். 1960ல் கல்யாணம், 1965ல் விவாகரத்து, 1967ல் அதே ஆளோடு மறுபடி கல்யாணம், 1972ல் மறுபடி விவாகரத்து! இரண்டு மகன்கள். ‘பேட்டன்’ படத்துக்காக 1971ல் ஆஸ்கர் கிடைத்தபோது, நடிகர்களைப் போட்டி போட வைப்பதே தவறு என்று சொல்லி அதை வாங்க மறுத்தவர் இந்த ஸ்காட்.

49 வயதில் உச்சம்

ஓ’நீலின் ‘எ மூன் ஃபார் தி மிஸ்பிகாட்டன்’ 1957ல் பிராட்வேயில் எடுபடாமல் போன நாடகம். 1973 டிசம்பரில் இயக்குநர் ஹோசே கின்டேரோ அதைத் தூசி தட்டி எடுத்தார். ஜேசன் ரோபார்ட்ஸும் காலீனும் ஜோடி. ஊரே தப்பாகப் பேசும் ஒரு பண்ணைப் பெண்ணாக, குடியில் அழிந்துகொண்டிருக்கும் ஒருவனை ஒரே ஓர் இரவு மடியில் கிடத்தித் தாங்கும் ஜோசி ஹோகனாக அவர் நடித்தார்.

தோற்ற நாடகம் இந்த முறை பெரிய ஹிட். 1974ல் சிறந்த நடிகைக்கான டோனி. அப்போது அவருக்கு 49 வயது. நடிகைகளுக்கு வாய்ப்பு சுருங்கத் தொடங்கும் வயதில் அவருக்கு மார்க்கெட் விரிந்தது. 1977ல் வுடி ஆலனின் ‘ஆனி ஹால்’ படத்தில் நாயகியின் அம்மாவாக வந்தார். 1985ல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி எடுத்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ தொடரில் கண்டிப்பான மரில்லா. உலகம் முழுக்கப் பல குழந்தைகளுக்கு இன்றும் அவர் மரில்லாதான்.

மர்ஃபியின் அம்மா

1988 நவம்பரில் சிபிஎஸ் சேனலில் ‘மர்ஃபி பிரவுன்’ தொடங்கியது. வாஷிங்டனில் டிவி பத்திரிகையாளராக இருக்கும், யாருக்கும் பயப்படாத 40 வயதுப் பெண்ணின் கதை. உருவாக்கியவர் டயான் இங்கிலீஷ். மர்ஃபியாக நடித்த கேண்டிஸ் பெர்கன் இந்த வேடத்துக்காகப் பின்னாளில் 5 எம்மி வாங்கினார்.

ஆபீஸையே ஆட்டிவைக்கும் மர்ஃபியை ஆட்டிவைக்க யாரால் முடியும்? அம்மாவால் மட்டும்தான். அந்த அம்மா ஏவரி பிரவுன் வேடத்துக்குக் காலீனை அழைத்தார்கள். அம்மா கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மர்ஃபி 10 வயதுப் பிள்ளையாகிவிடுவார். வேலைக்குப் போகும் யாருக்கும் இது புரியும். ஆபீஸில் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், வீட்டிலிருந்து வரும் ஒரு போன்காலில் காற்று இறங்கிவிடும்.

காலீன் வந்த எபிசோடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதற்கு 1989ல் ஒரு எம்மி, 1991ல் ஒரு எம்மி. 1989ல் ‘தோஸ் ஷீ லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற டிவி படத்துக்காகவும் ஒன்று வாங்கியதால், அந்த வருடம் மட்டும் இரண்டு. 1986ல் ‘பிட்வீன் டூ விமன்’ படத்துக்கு வாங்கியதையும் சேர்த்தால் மொத்தம் 4 எம்மி.

நடிகை மட்டுமல்ல, சங்கத் தலைவி

இதெல்லாம் நடந்த அதே காலத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அமெரிக்க மேடை நடிகர்கள், ஸ்டேஜ் மேனேஜர்களின் தொழிற்சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் தலைவர் பதவி. 1985 முதல் 1991 வரை.

அது எய்ட்ஸ் நியூயார்க் நாடக உலகத்தைச் சூறையாடிய நேரம். நடிகர்கள், நடனக் கலைஞர்கள், டிசைனர்கள் எனக் கூட வேலை பார்த்தவர்கள் வரிசையாக இறந்தார்கள். நோயோடு அவமானமும் சேர்ந்து வந்ததால் பலர் வெளியில் சொல்லவே பயந்தார்கள். 1987ல் ஈக்விட்டி ‘ஈக்விட்டி ஃபைட்ஸ் எய்ட்ஸ்’ என்ற நிதி அமைப்பைத் தொடங்கியது. 1992ல் ‘பிராட்வே கேர்ஸ்’ அமைப்போடு இணைந்து இன்றும் இயங்கிவருகிறது.

1990ல் பெரிய புயல். லண்டனில் ஹிட்டான ‘மிஸ் சைகான்’ இசை நாடகம் பிராட்வேக்கு வர இருந்தது. அதில் பாதி வியட்நாமியர், பாதி பிரெஞ்சுக்காரரான ஒரு பாத்திரத்தில் வெள்ளைக்கார நடிகர் ஜொனாதன் பிரைஸ் நடித்திருந்தார். லண்டனில் ஆசியர்போலத் தெரிய மேக்கப் வேறு. தங்களுக்கு வர வேண்டிய சொற்ப வாய்ப்பும் இப்படிப் பறிபோவதா என்று ஆசிய அமெரிக்க நடிகர்கள் கொதித்தார்கள். ஆகஸ்ட் 7ல் பிரைஸுக்கு அனுமதி இல்லை என்று ஈக்விட்டி அறிவித்தது.

அடுத்த நாளே தயாரிப்பாளர் கேமரூன் மெக்கிண்டாஷ் நாடகத்தையே ரத்து செய்தார். முன்பதிவு மட்டும் 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பல பேரின் வேலை அந்தரத்தில். ஒரு பக்கம் ஆசிய நடிகர்களின் நியாயம், மறுபக்கம் வேலை இழக்கப்போகும் உறுப்பினர்கள். இரண்டு தரப்பும் சங்கத்தின் சொந்த ஆட்கள். கடைசியில் ஆகஸ்ட் 16ல் ஈக்விட்டி முடிவைத் திரும்பப் பெற்றது. நாடகம் 1991 ஏப்ரலில் தொடங்கியது, பிரைஸ் டோனி வாங்கினார்.

சங்கம் தோற்றுவிட்டது என்றுதான் அன்று பலர் எழுதினார்கள். ஆனால், பிரைஸுக்குப் பிறகு பிராட்வேயில் அந்த வேடம் ஆசிய வம்சாவளி நடிகர்களுக்குப் போனது. யார் வேடத்தை யார் போடலாம் என்று ஹாலிவுட்டில் இன்று நடக்கும் ஒவ்வொரு விவாதத்திலும் ‘மிஸ் சைகான்’ பெயர் தவறாமல் வருகிறது.

கடைசி வருடம்

1991 ஜூனில் ‘டையிங் யங்’ படம் வெளியானது. ஜூலியா ராபர்ட்ஸ் நாயகி. ரத்தப் புற்றுநோயோடு போராடும் இளைஞனாக நடித்தவர் காலீனின் மகன் கேம்பல் ஸ்காட். காலீனும் அதில் ஒரு வேடம் செய்தார். படம் வந்து சுமார் இரண்டு மாதத்தில் புற்றுநோய் அவரையே கொண்டுபோனது.

அம்மாவிடமிருந்து வந்த கிறிஸ்டியன் சயின்ஸ் நம்பிக்கையைக் காலீன் விடவில்லை. அறுவை சிகிச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை. மற்றவர்களின் நோய்க்கு நிதி திரட்டிய சங்கத்தின் தலைவி, தன் நோய்க்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். இந்த முரண்பாட்டை எளிதாக விளக்கிவிட முடியாது. பாதியில் நின்ற அவருடைய சுயசரிதையை, ஈக்விட்டியில் அவரோடு வேலை பார்த்த டாம் வயோலா முடித்துக் கொடுத்தார். 1997ல் வெளியானது.

துணை ஜனாதிபதி வரை போன பெயர்

காலீன் இறந்ததும் ‘மர்ஃபி பிரவுன்’ எழுத்தாளர்கள் வேறு நடிகையைத் தேடவில்லை. கதையிலும் அம்மா இறந்துவிட்டதாக எழுதினார்கள். 1992 மே 18ல் ஒளிபரப்பான எபிசோடில் கல்யாணமாகாத மர்ஃபிக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தைக்குப் பாட்டியின் பெயரையே வைத்தார் மர்ஃபி. ஏவரி.

மறுநாள் சான் பிரான்சிஸ்கோவில் பேசிய அமெரிக்கத் துணை ஜனாதிபதி டான் குவேல், அப்பா என்ற உறவையே தேவையில்லாததுபோல் காட்டுகிறது இந்தத் தொடர் என்று சாடினார். டிவியில் பிறந்த ஒரு கற்பனைக் குழந்தை தேர்தல் விவாதமானது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் பற்றி நாடே சண்டை போட்டது. செப்டம்பரில் தொடர் தன் எபிசோடிலேயே அவருக்குப் பதிலடி கொடுத்தது.

2018ல் ‘மர்ஃபி பிரவுன்’ புது சீசனோடு திரும்பி வந்தபோது, அந்தக் குழந்தை வளர்ந்து, அம்மாவைப் போலவே டிவி பத்திரிகையாளராகியிருந்தான். பெயர் அதே ஏவரி பிரவுன்.

இன்று அந்த விருது எங்கே நிற்கிறது?

காலீனுக்குப் பின் அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது. 2008ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் சாரா பேலினாக வந்த டினா ஃபே, 2010ல் 88 வயதில் அதே நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பெட்டி வொய்ட், 2020, 2021 என அடுத்தடுத்து வென்ற மாயா ருடால்ஃப் எனப் பெரிய பெயர்கள்.

யார் கெஸ்ட் என்பதில் குழப்பம் வந்ததால், ஒரு சீசனின் எபிசோடுகளில் பாதிக்கும் குறைவாக வந்தால்தான் கெஸ்ட் என்று 2015ல் விதி கொண்டுவந்தார்கள். ஆனால், இன்றும் இந்த விருது டிவியில் நேரலையாகும் மெயின் எம்மி விழாவில் கொடுக்கப்படுவதில்லை. அதற்கு முன்பு தனியாக நடக்கும் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் விழாவில்தான். கெஸ்ட்டுக்கு விருது உண்டு, மெயின் மேடையில் இடம் இன்னும் இல்லை.