ஞாபக சக்திக்கு மருந்து உண்டா? இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் பதில்



பிள்ளைகளை மத்ரஸாவில் சேர்க்க வரும் பெற்றோர்களில் பலர் உஸ்தாதிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஞாபக சக்தி குறைவு, காலையில் ஓதிய பாடம் மாலையில் மறந்து போகிறது, இதற்கு ஏதேனும் மருந்து உண்டா என்பதே அக்கேள்வி. 1,150 ஆண்டுகளுக்கும் முன்னர் இதே கேள்வி, மனன சக்தியில் உலகப் புகழ் பெற்ற ஒருவரிடம் கேட்கப்பட்டது. அன்னார்தாம் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள். அன்னார் சொன்ன பதிலை அறியுமுன் அன்னாரின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். அந்தப் பதிலின் பொருள் அந்த வாழ்க்கையில்தான் இருக்கிறது.

முஹம்மது பின் இஸ்மாயீல் என்னும் இயற்பெயர் கொண்ட இமாம் அவர்கள் ஹிஜ்ரி 194ஆம் ஆண்டு (கி.பி. 810) ஷவ்வால் மாதம் புகாரா நகரில் பிறந்தார்கள். இன்று அந்நகரம் உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ளது. தந்தை இஸ்மாயீல் அவர்களும் ஹதீஸ் கற்றவர்களே. ஆனால் மகன் சிறு குழந்தையாக இருக்கும்போதே அவர்கள் வபாத்தாகி விட்டார்கள். எத்தீமாக நின்ற பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய பொறுப்பு தாயாரைச் சேர்ந்தது. சிறு வயதில் பிள்ளையின் கண் பார்வை போயிற்று என்றும், தாயார் அழுது இறைஞ்சிய துஆவினால் அல்லாஹ் அதைத் திருப்பித் தந்தான் என்றும் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது.

பத்து வயது அளவிலேயே அன்னாருக்கு ஹதீஸ் மனனத்தில் ஆசை பிறந்துவிட்டது. பதினோரு வயதில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தாகிலீ என்னும் ஆசிரியர் ஒரு ஹதீஸின் ஸனதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, வாசித்துக் கொண்டிருந்தார். அபுஸ்ஸுபைர் என்பவர் இப்றாஹீமிடமிருந்து அறிவிப்பதாக அதில் வந்தது. உடனே அச்சிறுவர் எழுந்து, அபுஸ்ஸுபைர் இப்றாஹீமிடமிருந்து அறிவித்ததில்லையே என்றார். ஆசிரியர் அதட்டினார். சிறுவர் பணிவோடு, மூலப் பிரதி தங்களிடம் இருந்தால் பார்த்துக் கொள்ளுங்கள் என்று கேட்டுக் கொண்டார். ஆசிரியர் உள்ளே சென்று பார்த்துவிட்டு வந்து, அப்படியானால் சரியானது எது என்று வினவினார். அது அதீயின் மகன் ஸுபைர் என்று சிறுவர் சொன்னார். ஆசிரியர் பேனாவை வாங்கித் தம் பிரதியைத் திருத்திக் கொண்டார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அச்சிறுவர் பெயர்களை வெறும் ஓசையாக மனனம் செய்திருக்கவில்லை. யார் யாரிடம் கற்றவர், யார் யாரைச் சந்தித்தவர் என்ற உறவோடு சேர்த்தே உள்ளத்தில் பதித்திருந்தார். நம் மஹல்லாவில் எல்லாக் குடும்பங்களையும் அறிந்த ஒரு பெரியவர் முன்னிலையில் நிகாஹ் அறிவிப்பில் மணமகனின் தகப்பனார் பெயரை மாற்றி வாசித்தால் அவர் சும்மா இருப்பாரா? வெளியூர்க்காரர் காதில் விழாத பிழை அவர் காதில் உடனே விழும். ஏற்கெனவே தெரிந்த செய்திகளோடு பிணைந்த புதுச் செய்தி எளிதில் பதியும் என்று இன்றைய மனநூலார் கூறுவதும் இதைத்தான்.

பதினாறு வயதிற்குள் இப்னுல் முபாரக், வகீஃ ஆகிய பெரியார்களின் நூல்களை அன்னார் மனனம் செய்து முடித்தார்கள். பின்னர் தாயாருடனும் சகோதரர் அஹ்மதுடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். அவர்கள் இருவரும் ஊர் திரும்ப, இமாம் அவர்கள் கல்விக்காக மக்காவில் தங்கிவிட்டார்கள். பதினெட்டாம் வயதில் மதீனாவில், பெருமானார் (ஸல்) அவர்களின் ரவ்ளாவின் அருகே நிலவொளியில் அமர்ந்து, அத்தாரீகுல் கபீர் என்னும் அறிவிப்பாளர்கள் வரலாற்று நூலை எழுதினார்கள். பிறகு பஸரா, கூஃபா, பாக்தாத், ஷாம், மிஸ்ரு என்று அறிவைத் தேடி அலைந்தார்கள்.

பஸராவில் உடன் ஓதிய மாணவர்கள் எல்லாரும் ஹதீஸ்களை எழுதிக் கொள்ள, இமாம் அவர்கள் மட்டும் எழுதாமல் கேட்டுக் கொண்டிருந்தார்கள். எழுதாமல் காலத்தை வீணாக்குகிறீர்களே என்று தோழர்கள் குறைபட்டனர். பதினாறு நாட்கள் சென்ற பின், நீங்கள் எழுதியதைக் கொண்டு வாருங்கள் என்றார்கள் இமாம். அவர்கள் எழுதி வைத்திருந்த பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான ஹதீஸ்களை மனனமாகச் சொல்லச் சொல்ல, தோழர்கள் தங்கள் ஏடுகளையே திருத்திக் கொண்டதாக ஹாஷித் பின் இஸ்மாயீல் என்னும் தோழர் அறிவிக்கிறார்.

பாக்தாதில் நடந்த சோதனையும் பிரசித்தமானது. அவ்வூர் ஹதீஸ் கலையினர் நூறு ஹதீஸ்களை எடுத்து, ஒன்றின் ஸனதை மற்றொன்றின் வாசகத்தோடு மாற்றிப் பிணைத்தனர். பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்தாகக் கொடுத்துச் சபையில் கேட்கச் செய்தனர். ஒவ்வொன்றுக்கும் இமாம் அவர்கள் இதை நான் அறியேன் என்றே பதில் சொன்னார்கள். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிலர் எண்ணினர். பத்துப் பேரும் முடித்ததும் இமாம் அவர்கள் முதலாமவரிடம் திரும்பி, நீர் முதலில் சொன்னது இப்படி, சரியானது இப்படி என்று தொடங்கி, நூறையும் வரிசை மாறாமல் சொல்லி, ஒவ்வொரு ஸனதையும் அதற்குரிய வாசகத்தோடு சேர்த்து வைத்தார்கள். பெயர் கூறப்படாத பல ஆசிரியர்களிடமிருந்து கேட்டதாக இமாம் இப்னு அதீ (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். பிழையைத் திருத்தியதைவிட, ஒரே தடவை கேட்ட பிழைகளை அதே வரிசையில் திருப்பிச் சொன்னதே பெரும் வியப்பு என்பது இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் கருத்து.

இவற்றையெல்லாம் கேட்கும் நாம், இது அல்லாஹ் அன்னாருக்கு மட்டும் கொடுத்த கொடை, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கைவிட்டு விடுகிறோம். கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்னாரின் இரவுகளையும் பார்க்க வேண்டும். இமாம் அவர்களின் எழுத்தரான முஹம்மது பின் அபீ ஹாத்திம் பயணங்களில் உடன் தங்கியவர். இமாம் அவர்கள் ஒரே இரவில் பதினைந்து முதல் இருபது தடவை வரை எழுந்து, ஒவ்வொரு தடவையும் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி விளக்கேற்றி, ஹதீஸ்களை எடுத்து அடையாளமிட்டு விட்டு மறுபடியும் தலை சாய்ப்பார்கள் என்று அவர் கூறுகிறார். வாலிபரான அவருடைய தூக்கத்தைக் கெடுக்க விரும்பாமல் அவரை எழுப்புவதும் இல்லையாம்.

அந்த எழுத்தர்தாம் நாம் தொடக்கத்தில் கூறிய கேள்வியைக் கேட்டவர். இமாம் அவர்கள் பலாதுர் என்னும் மருந்தைக் குடித்திருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். பலாதுர் என்பது வேறொன்றுமல்ல, நம் நாட்டு மருந்துக் கடைகளில் உள்ள சேங்கொட்டைதான். ஞாபக சக்திக்கென்று அக்காலத்தில் பலர் அதை உட்கொண்டனர். உடலில் பட்டால் புண்ணாக்கிவிடும் கடுமையான சரக்கு அது. வரலாற்றாசிரியர் பலாதுரீ அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான் என்றும், அதைக் குடித்து அறிவு கலங்கியதாகவும் நூல்களில் எழுதப்பட்டுள்ளது. எழுத்தர் தனிமையில், மனனத்திற்குப் பயன்படும் மருந்து உண்டா என்று கேட்டார். தாம் அப்படி எதையும் அறியவில்லை என்றார்கள் இமாம். பின்னர் அவர் பக்கம் திரும்பி, ஒருவனுடைய அடங்காத கல்விப் பசியையும், இடைவிடாமல் பார்த்து வருவதையும்விட மனனத்திற்குப் பயன்தரும் எதையும் தாம் அறியவில்லை என்று விளக்கினார்கள்.

பசி, தொடர்ந்து பார்த்தல் ஆகிய இந்த இரண்டையும் இன்றைய ஆராய்ச்சியோடு வைத்துப் பாருங்கள். 1885இல் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே மிக வேகமாக நடக்கிறது, பின்னர் மெதுவாகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் ஓதுவதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஓதுவது நிலைக்கும் என்பதையும் கண்டார். 1953இல் அமெரிக்காவில் ஒருவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பாகத்தை அகற்றினார்கள். அதன்பின் 2008இல் இறக்கும் வரை அவரால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த முடியவில்லை. பழைய நினைவுகளோ பெரும்பாலும் இருந்தன. ஆகவே செய்தியைப் பதிப்பது வேறு, பதிந்ததைக் காப்பது வேறு, வேண்டும்போது எடுப்பது வேறு. இம்மூன்றுக்கும் உழைப்பு தேவை.

மூன்றாவதைத்தான் நாம் மறந்து விடுகிறோம். இதை எழுதுபவன் மத்ரஸாவில் ஓதிய காலத்தில், கிதாபைத் திறந்து வைத்துப் பத்துத் தடவை வாசித்துவிட்டு, பாடம் வந்துவிட்டது என்று மகிழ்ந்ததுண்டு. உஸ்தாத் கிதாபை மூடச் சொன்னதும்தான் ஒன்றும் வரவில்லை என்பது தெரியும். 2006இல் அமெரிக்காவில் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையும் இதையே காட்டியது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் சென்றபின், ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே மேலாக இருந்தனர். ஹாபிழ்கள் ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுகின்ற நம் பழைய முறையின் அருமை இதனால் விளங்கும்.

இத்தனை மனன சக்தி இருந்தும் இமாம் அவர்கள் அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்து, பதினாறு ஆண்டுகள் உழைத்து, ஒவ்வொரு ஹதீஸுக்கும் குளித்து இரண்டு ரக்அத் தொழுது ஸஹீஹுல் புகாரீயைத் தொகுத்தார்கள். திரும்ப வருபவற்றையும் சேர்த்து அதில் 7,275 ஹதீஸ்கள் உள்ளன என்பது இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் கணக்கு. சிறு வயதில் ஆசிரியரிடம் மூலப் பிரதியைப் பார்க்கச் சொன்ன அதே பேணுதல் கடைசி வரை அன்னாரிடம் இருந்தது.

இறுதிக் காலம் துன்பமாகக் கழிந்தது. நைஸாபூரில் எதிர்ப்பு கிளம்பியது. சொந்த ஊரான புகாராவுக்குத் திரும்பிய பின், அரண்மனைக்கு வந்து கற்பிக்குமாறு ஆளுநர் அழைத்தார். கல்வியை வாசல் தேடிக் கொண்டு சென்று இழிவுபடுத்த இமாம் அவர்கள் மறுத்தார்கள். அதனால் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) நோன்புப் பெருநாள் இரவில், ஸமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்னும் சிற்றூரில் வபாத்தானார்கள். அப்போது வயது அறுபத்திரண்டுக்குப் பதின்மூன்று நாட்கள் குறைவு.

பெற்றோர்களே! உஸ்தாதுமார்களே! இரவில் இருபது தடவை எழுந்த இமாமைக் காட்டி, சிறு பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்து விடாதீர்கள். பகலில் ஓதியது மூளையில் உறுதிப்படத் தூக்கம் துணை செய்கிறது. பிள்ளையின் உறக்கத்தைப் பேணுவதும் இமாம் அவர்கள் தம் எழுத்தரிடம் நடந்து காட்டிய முறைதான். மறக்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று ஏசாதீர்கள். மறதி எல்லா மனிதருக்கும் உள்ளது. ஏச்சு கேட்ட பிள்ளைக்கு முதலில் செத்துப் போவது அந்தக் கல்விப் பசிதான். பாடத்தின் பொருளைச் சிறிதேனும் சொல்லிக் கொடுங்கள். கிதாபை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நேற்றைய பாடத்தையும் சென்ற வாரத்துப் பாடத்தையும் இன்று கேளுங்கள். பாட்டிலில் வரும் மருந்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இமாம் அவர்களின் கல்விப் பசியில் ஒரு துளியை நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.