'அமோக்' தனி நோயா? மனநோய்களை வகை பிரித்த கிரேப்லின் யார்?

நீங்கள் ஜொகூர் பாருவில் வளர்ந்தவரா? அப்போ, தம்போய்க்கு அனுப்பிடுவேன் என்ற கிண்டலை ஒருமுறையாவது கேட்டிருப்பீங்க. அங்கே 1937 முதல் இயங்கும் மனநல மருத்துவமனைதான், இன்றைய பெர்மாய் மருத்துவமனைதான், அதற்குக் காரணம்.

அப்படி ஒரு மருத்துவமனைக்குப் போகும் ஒருவருக்கு ஸ்கிட்சோஃப்ரினியாவா, பைபோலாரா என்று மருத்துவர் பிரித்துப் பார்க்கிறார் இல்லையா? அந்தக் கோட்டை முதலில் அழுத்தமாகப் போட்டவர் எமில் கிரேப்லின். 1856-ல் ஜெர்மனியில் பிறந்தவர்.

30 வயதில் அவர் டோர்பாட் நகரில் பேராசிரியர் ஆனார். இன்றைய எஸ்டோனியாவின் தார்த்துதான் அது. அங்கே நோயாளிகள் பலரின் மொழி அவருக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஹைடெல்பெர்க். அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டார். நோய் எப்போது தொடங்கியது, எப்படிப் போனது, எங்கே முடிந்தது என்பதை அதில் குறித்தார். இன்றைக்கு இரண்டு பேருக்கும் காதில் குரல் கேட்கலாம். ஆனால் ஒருவர் தேறி வீடு திரும்புவார், பல வருஷம் கழித்து மறுபடி வருவார். இன்னொருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வார். அப்படியானால் அறிகுறி ஒன்றானாலும் நோய் வேறு என்றார் அவர். 1899-ல் வந்த அவரது பாடநூலின் ஆறாம் பதிப்பில் இந்தப் பிரிவு தெளிவானது. பின்னாளில் ஸ்கிட்சோஃப்ரினியா, பைபோலார் என்ற பெயர்களை வேறு ஆட்கள் வைத்தாலும், அடித்தளம் அவருடையது.

இந்தப் பிரிவு ஐரோப்பியருக்கு மட்டுமா பொருந்தும்? அதைப் பார்க்க 1904-ல் ஜாவா வந்தார், ஜொகூருக்குத் தெற்கே கடல் தாண்டினால் வரும் அதே ஜாவாதான். பைத்தன்சோர்க், அதாவது இன்றைய போகோர் ஊர் மனநல விடுதியில் உள்ளூர் நோயாளிகளைப் பார்த்தார். தன் இரண்டு வகைகளும் இங்கேயும் இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். நமக்குப் பழகிய அமோக்கைத் தனி நோயாக அவர் ஏற்கவில்லை; பெரும்பாலும் வலிப்பு நோயோடு சேர்த்தார். லாத்தாவை ஹிஸ்டீரியாவில் போட்டார்.

எல்லா மனிதருக்கும் ஒரே நோய் என்றது அன்றைக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் ஜாவா மக்களிடம் தெரிந்த வேறுபாடுகளுக்கு அவர் சொன்ன காரணம், அவர்களின் மனம் வளர்ச்சியில் பின்தங்கியது என்பது. அதை மன்னிக்க முடியாது. மொழி தெரியாமல் மனதை அளந்ததன் விளைவு என்றே எனக்குப் படுகிறது.

1926-ல் மியூனிக்கில் இறந்தார். அமோக் விவகாரம் மட்டும் முடியவில்லை. 1994-ல் அமெரிக்க மனநல சங்கத்தின் கையேடு டிஎஸ்எம்-4 அதைக் கலாசாரம் சார்ந்த நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5-ன் பட்டியலில் அது இல்லை.