ஓய்வு நாளில் ஒரு கல்யாணம்

தாய் தந்தை இல்லாத ஏழைப் பெண் ஒருத்தியின் மானத்தைக் காப்பதற்காக, ஓய்வு நாள் என்றும் பாராமல் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார், ஒரு மத குரு. ஊரில் பலர் குறை கூறினார்கள். அவர் பேனாவை எடுத்தார். சட்ட நூல்களை ஆராய்ந்து, தாம் செய்தது சரியே என்று தம் கைப்படத் தீர்ப்பு எழுதினார்.

அவர் பெயர் மோசே இசர்லஸ். 16-ம் நூற்றாண்டில் போலந்து நாட்டில் வாழ்ந்த யூத மத குரு. யூதர்கள் அவரை "ரேமா" என்று சுருக்கமாக அழைப்பார்கள்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

அப்போது போலந்தின் தலைநகரம் கிராக்கவ். அதை அடுத்த கசிமியெஸ் என்ற ஊரில் யூதர்கள் குடியிருந்தார்கள். மோசேயின் தந்தை இஸ்ரேல் அங்கே பெரிய செல்வர். மகனை லூப்ளின் நகருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அங்கே சாலோம் சக்னா என்ற பெரும் பண்டிதர் பாடம் சொல்லிக் கொடுத்தார். மாணவனின் அறிவைக் கண்டு மகிழ்ந்த அவர், தம் மகளையே அவருக்குக் கட்டிக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய மோசே, இளம் வயதிலேயே கிராக்கவின் மத குருவானார். ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். வந்து சேர்ந்த மாணவர்களைத் தம் சொந்தப் பணத்தில் ஆதரித்தார்.

1552-ம் ஆண்டில் அவருக்குப் பெரிய துக்கம் நேர்ந்தது. மனைவி இறந்து போனார். அந்த அம்மையாருக்கு வயது 20தான். அதன் பிறகு அவர் குடும்பம் கசிமியெஸில் ஒரு சிறிய தொழுகைக்கூடம் கட்டியது. அது இன்றும் "ரேமா" என்ற அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1556-ம் ஆண்டில் கொள்ளை நோய் பரவியது. மோசே சிட்லோவியெத்ஸ் என்ற ஊருக்குப் போய்த் தங்கினார். எஸ்தர் அரசியின் கதையை நினைவுகூரும் பூரிம் பண்டிகை வந்தது. விருந்தும் மதுவுமாகக் கொண்டாட அங்கே வழியில்லை. அவர் உட்கார்ந்து எஸ்தரின் கதைக்கு ஓர் உரை எழுதினார். அதையே பண்டிகைப் பரிசாகத் தந்தைக்கு அனுப்பினார்.

மேசையும் விரிப்பும்

பாலஸ்தீனத்தில் சபேத் என்ற ஊரில் யோசேப்பு காரோ என்ற பெரியவர் இருந்தார். யூதர்களின் சட்டங்களை எல்லாம் தொகுத்து அவர் ஒரு நூல் எழுதினார். அந்த நூல் 1565-ல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. உணவு பரிமாறத் தயாராக உள்ள மேசை என்று அதற்குப் பெயர் வைத்தார்.

ஆனால் அந்த நூல் பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டு யூதர்களின் வழக்கத்தைத் தழுவியது. போலந்து, ஜெர்மனி யூதர்களின் வழக்கங்கள் பல அதில் இல்லை. மோசே அந்த நூலை எதிர்க்கவில்லை. எங்கெங்கே வழக்கம் வேறுபடுகிறதோ அங்கங்கே குறிப்பு எழுதிச் சேர்த்தார். தம் குறிப்புகளுக்கு அவர் வைத்த பெயர், மேசை விரிப்பு! இரண்டும் ஒரே நூலாக அச்சிடப்பட்டன. அதனால் இரு பிரிவினருக்கும் அது பொது நூலாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை

கிராக்கவில் ஓர் ஏழை, தம் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்தார். கல்யாணம் நடக்கும் முன் அவர் இறந்து போனார். தாயும் இல்லாத அந்தப் பெண்ணை, உறவினர் ஒருவர் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். மற்ற உறவினர்கள் எட்டிப் பார்க்கவில்லை.

கல்யாண நாளும் வந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. விருந்து தயார். பெண்ணுக்கு முக்காடும் இட்டாயிற்று. ஆனால் பேசிய சீதனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முழுப் பணமும் வராவிட்டால் மணப்பந்தலுக்கு வர முடியாது என்று மாப்பிள்ளை பிடிவாதம் செய்தார். ஊர்ப் பெரியவர்கள் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை.

பேச்சு வளர்ந்தது. பொழுது சாய்ந்தது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் யூதர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். அன்று கல்யாணம் செய்யக் கூடாது. ஒரு வழியாக இரு தரப்பும் சமாதானம் ஆனபோது நன்றாக இருட்டிவிட்டது.

இப்போது என்ன செய்வது? விடிந்தால் ஊரே சிரிக்கும். சம்பந்தமே முறிந்தாலும் முறியும். மோசே எழுந்தார். அந்த இரவிலேயே கல்யாணத்தை நடத்தி வைத்தார்.

தீர்ப்பு

அவர் சொன்ன காரணம் இதுதான். ஓய்வு நாளில் எழுதக் கூடாது என்பது மூலச் சட்டம். கல்யாணம் என்றால் ஒப்பந்தப் பத்திரம் எழுத நேரிடலாம். அந்தப் பயத்தால் ஓய்வு நாளில் கல்யாணமே வேண்டாம் என்று முன்னோர் பின்னால் ஒரு வேலி போட்டார்கள். ஆகவே அது வேலிதான், மூலச் சட்டம் அல்ல. மனைவி மக்கள் இல்லாத ஒருவன் அன்று மணம் முடிக்கலாம் என்று 12-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ரப்பேனு தாம் என்ற மேதை கருதினார். நெருக்கடி நேரத்தில் அவர் கருத்தைப் பின்பற்றலாம். ஓர் அனாதைப் பெண் ஊரார் முன் தலைகுனிய நேர்வதைவிடப் பெரிய நெருக்கடி வேறு என்ன?

மனிதனின் மானம் மிகப் பெரியது என்பது பழைய யூத நூல்களின் கொள்கை. மோசே அதையும் ஆதாரமாகக் கொண்டார். ஆனால் இதை எல்லோரும் வழக்கமாக்கிக் கொள்ளவும் அவர் இடம் தரவில்லை. இந்த நிலை வராதபடி முன்கூட்டியே கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். தம் சட்ட நூலிலும் இதைக் குறிப்பாகச் சேர்த்தார். சீதனப் பேச்சால் கல்யாணம் தாமதமாவதையும் அந்தக் குறிப்பு சொல்கிறது.

1572-ம் ஆண்டில் மோசே காலமானார். அவருடைய தீர்ப்புகள் 1640-ல் கிராக்கவில் நூலாக வெளிவந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் அவருடைய தொழுகைக்கூடத்தைக் கிடங்காக மாற்றினார்கள். பக்கத்திலிருந்த கல்லறைகளையும் பாழாக்கினார்கள். ஆனால் மோசேயின் கல்லறை தப்பியது. தொழுகைக்கூடத்தில் மீண்டும் வழிபாடு நடக்கிறது. அவர் மறைந்த நாளில் யூதர்கள் பல நாடுகளிலிருந்து அங்கே வந்து வணங்கிச் செல்கிறார்கள்.

சட்டத்தை மதித்தவர் அவர். சட்டம் யாருக்காக ஏற்பட்டது என்பதையும் அவர் மறக்கவில்லை.