மையில் விரிந்த தொலைவு

நுழையுமுன்

பழவேற்காட்டு ஏரியில் பனி படர்ந்த விடியற்காலையில் கரையோரப் படகு கருமையாகத் தோன்றும். நடு ஏரியில் செல்லும் படகு சாம்பல் நிறம் கொள்ளும். அப்பாலுள்ள தீவோ வானோடு கலந்துவிடும். இடையில் நிற்கும் காற்றும் ஈரமுமே தொலைவை நமக்கு உணர்த்துகின்றன. இக்காட்சியியல் உண்மையை மையாலும் நீராலும் தாளில் வடித்த ஓவியர் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

ககனேந்திரநாத் தாகூர்

ககனேந்திரநாத் 1867-ஆம் ஆண்டு கொல்கத்தாவின் ஜொராசாங்கோ இல்லத்தில் பிறந்தார். இவர் கவிஞர் இரவீந்திரநாத் தாகூருக்கு அண்ணன் மகன் முறையினர். ஓவியர் அவனீந்திரநாத்தின் தமையனார். இளமையிலேயே தந்தையை இழந்ததால் குடும்பப் பொறுப்பு இவரைச் சேர்ந்தது. பின்னர், தம் மூத்த மகனின் மறைவும் இவரை வருத்தியது. நாற்பது வயதை நெருங்கும் காலத்திலேதான் இவர் ஓவியத்தில் முழுமையாக ஆழ்ந்தார்.

1903-இல் யொகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர்கள் கொல்கத்தாவுக்கு வந்தனர். அவர்களது தூரிகை முறை தாகூர் உடன்பிறந்தாரைக் கவர்ந்தது. அம்முறையில் வண்ணங்கள் பல தேவையில்லை. அருகிலுள்ள பொருளுக்கு அடர்ந்த மை. தொலைவிலுள்ளதற்கு நீர் மிகுந்த மை. ஈரத்தாளில் மை தானே பரவி விளிம்புகளைக் கரைக்கும். தீட்டாது விட்ட வெண்பரப்பு பனியாகவும் நீராகவும் ஒளியாகவும் நிற்கும். ஒருமுறை பதிந்த மையை அழிக்க இயலாது. ஆதலால் எங்கே நிறுத்துவது என்னும் தெளிவு ஓவியருக்கு இன்றியமையாதது.

ககனேந்திரநாத் இம்முறையை அப்படியே பின்பற்றவில்லை. தாம் கண்ட வங்கத்து மழைக்கும் இமயமலைப் பனிக்கும் ஏற்ப அதை மாற்றிக்கொண்டார். 1912-இல் இரவீந்திரநாத்தின் ‘ஜீவன்ஸ்மிருதி’ நூலாக வெளிவந்தபோது, அதற்கு 24 ஓவியங்கள் தீட்டினார். நினைவில் சில தெளிந்தும் சில மங்கியும் இருப்பது இயல்பு. அவ்வியல்புக்கு நீரில் கரைந்த மை மிகவும் பொருந்தியது.

1907-இல் கீழைக்கலைச் சங்கம் தோன்றத் தம்பியுடன் துணைநின்றார். சமூகப் போலித்தனங்களைக் கேலிச்சித்திரங்களால் சாடினார். 1920-களில் கனசதுரப் பாணியிலும் ஒளி, நிழலின் ஆழத்தையே தேடினார்.

1930-இல் பக்கவாதம் இவரைத் தாக்கியது. பேச்சும் தூரிகையும் ஓய்ந்தன. எட்டாண்டுகளுக்குப் பின், 1938-இல் மறைந்தார். முறையான கலைக்கல்வி பெறாமல், நடுவயதில் தொடங்கி, ஏறத்தாழ கால் நூற்றாண்டே தீவிரமாகத் தீட்டியவர் இவர். எல்லாவற்றையும் வரைந்து நிரப்புவதால் அன்று, வரையாது விடுவதாலும் ஆழம் பிறக்கும் என்பதை இவர்தம் ஓவியங்கள் நமக்கு உணர்த்துகின்றன.