அன்னா மணி: எம்.எஸ்சி இல்லாததால் பிஎச்.டி மறுக்கப்பட்ட இடுக்கி விஞ்ஞானி

மூணாறுக்கு வீக்கெண்ட் டிரிப் போயிருப்பீங்க. அதே இடுக்கி மாவட்டத்தில், இன்னும் தெற்கே இருக்கிறது பீர்மேடு. 1918 ஆகஸ்ட் 23 அன்று அன்னா மணி பிறந்தது அங்கேதான். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் கொடுத்த வைரத்தோட்டை வேண்டாம் என்று சொல்லி, கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்டவர்.

பிற்பாடு அவர் ஆராய்ந்ததும் வைரத்தைத்தான்! சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, பெங்களூருவில் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரத்தின் மீதும் மாணிக்கத்தின் மீதும் ஒளியைப் பாய்ச்சி, அவை எப்படி ஒளிர்கின்றன என்று பதிவு செய்வது வேலை. ஒரு புகைப்படத் தகடு பதிவாகவே 15 முதல் 20 மணி நேரம் ஆகும். 1942 முதல் 1945 வரை, தன் பெயரில் மட்டும் 5 கட்டுரைகள் வெளியிட்டார்.

ஆனால் பிஎச்.டி கிடைக்கவில்லை. எம்.எஸ்சி பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது.

இதற்கும் லேசருக்கும் என்ன தொடர்பு?

1960-ல் தியோடர் மைமன் உருவாக்கிய உலகின் முதல் லேசருக்குள் இருந்தது ஒரு மாணிக்கத் தண்டு. மாணிக்கத்தின் சிவப்பு ஒளிர்வுதான் அதில் லேசராக வெளிவந்தது.

இன்று லேசரை வைத்து பாலிமர் படலத்தில் கண்ணுக்கே தெரியாத துளைகள் போட முடியும். எப்படின்னு கேட்கிறீங்களா? படலத்தின் மீது தங்க நானோ துகள்களைப் பரப்புகிறார்கள். பச்சை லேசர் பட்டதும் தங்கம் அதை உறிஞ்சிச் சூடாகும். படலம் ஒளியை அப்படியே விட்டுவிடும். அதனால் துகளை ஒட்டிய இடம் மட்டும் உருகித் துளை விழும்.

ஒளி வெப்பமாகும் இதே விஷயம்தான் அன்னா மணியின் அடுத்த வேலைக்கும் அடிப்படை. இயற்பியல் படிக்க 1945-ல் லண்டன் போனவருக்குக் கிடைத்தது வானிலைக் கருவிகளில் பயிற்சி. 1948-ல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெயிலை அளக்கும் கருவியில் ஒரு கருப்புப் பரப்பு இருக்கும். அது எவ்வளவு சூடாகிறது என்பதை வைத்து வெயிலின் அளவைச் சொல்லலாம். 1957-58-ல் இத்தகைய கருவிகளோடு நாடு முழுக்க நிலையங்கள் அமைத்தார். 1980, 1981-ல் இந்தியாவின் சூரிய ஒளி அளவுகளை இரண்டு நூல்களாகத் தொகுத்தார். உங்க மாடியில் சோலார் பேனல் வைக்கணும்னா முதலில் தேவைப்படுவது இந்த மாதிரிக் கணக்குதான்.

2001-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் தராத அந்த ஆய்வேடு, பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளோடு பெங்களூரு ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் வைக்கப்பட்டது.