அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பலெர்மோ

பலெர்மோவில் வியா மக்கேதாவை விட்டுக் கொஞ்சம் உள்ளுக்கு நடந்தால், சில தெருக்களின் பெயர்ப் பலகைகள் மூன்று மொழிகளில் இருக்கும்: இத்தாலியன், எபிரேயம், அரபு. பல்லாரோ சந்தைக்கு மீனும் மரக்கறியும் வாங்கப் போற எங்கட சனத்துக்கு இந்தப் பக்கமெல்லாம் நல்ல பழக்கம். இங்கே பிறந்த பிள்ளைகள் அந்தப் பலகையைக் காட்டி, எபிரேயம் ஏன் இங்க இருக்கு என்று கேட்பார்கள். அதுக்கான பதிலை மூன்று மாதம் மட்டும் இந்த ஊரில் தங்கிப்போன ஒரு பயணி எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் ஒபதியா. பைபிளில் வரும் தீர்க்கதரிசி இல்லை, அவருக்கு ஆயிரக்கணக்கான வருடம் பிந்தியவர். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெர்த்தினோரோ என்ற சின்ன ஊர்க்காரர். யூதர்கள் அவரை ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். யூதச் சட்டங்களின் அடிப்படைத் தொகுப்பான மிஷ்னாவுக்கு உரை எழுதியவர். கிட்டத்தட்ட கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட நூல் அது. ஆறு பெரும் பிரிவு, 63 சிறு நூல்கள். குறளுக்குப் பரிமேலழகர் எப்படியோ, மிஷ்னாவுக்கு இவர் அப்படி. உரையைத் தள்ளிவைத்து மூலத்தை மட்டும் படிப்பவர்கள் குறைவு.

ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்திருந்த பழைய மிஷ்னா அச்சுப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். எபிரேயம் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் பக்கத்தைப் பார்த்தவுடனேயே விளங்கியது: பெரிய எழுத்தில் மூலம், பக்கத்தில் பொடி எழுத்தில் உரை. எங்கட பழைய உரை நூல்களைப் புரட்டியவர்களுக்கு இது புதுசில்லை. அந்தப் பொடி எழுத்துக்காரரைத் தேடிப் போனபோதுதான், அவர் எங்கட தெருவால் நடந்து போனவர் என்று தெரிய வந்தது.

1486இன் கடைசியில் அவர் எருசலேமுக்குப் புறப்பட்டார். வயதான தகப்பனைப் பின்னால் விட்டுவிட்டுப் போனார். வழியில் இருந்தும் போய்ச் சேர்ந்த பிறகும் கண்டதெல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதினார். இந்த வயதில் உங்களை விட்டு வந்தேனே என்ற துக்கம் அந்தக் கடிதத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 80களில் கொழும்பில் விமானம் ஏறிய எவருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை.

ரோம், நாப்போலி, சலேர்னோ என்று இறங்கி 1487 ஜூலையில் பலெர்மோ வந்து சேர்ந்தார். அப்போது இங்கே 850 யூதக் குடும்பங்கள், எல்லாரும் ஒரே தெருவில், அதுவும் ஊரின் நல்ல பகுதியில் என்று எழுதுகிறார். ஆனால் சனம் ஏழைகள். செம்பு வேலை, இரும்பு வேலை, சுமை தூக்குவது, தோட்ட வேலை. பொற்காசளவு சிவப்புத் துணியொன்றை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். அரசன் கூப்பிட்டால் கப்பல் இழுக்கவும் கரை கட்டவும் போக வேண்டும். தண்டனைக் கைதிகளைக் கொல்லும் வேலையும் இவர்கள் தலையில்தான். ஊர் ஒதுக்கிய வேலையை ஒதுக்கிய சனத்திடம் கொடுப்பது எங்களுக்கும் தெரிந்த கதைதானே.

இவ்வளவு இல்லாமைக்குள்ளும் அவர்களின் தொழுகைக்கூடத்தைக் கண்டு அவர் அசந்து போகிறார். இப்படியொன்று வேறெங்கும் இல்லை என்பது அவர் முடிவு. வெளிமுற்றத்தில் கல் தூண்களில் திராட்சைக் கொடி ஏறியிருக்கிறது. மனிதர் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை, கொடியின் தண்டைச் சாணால் அளந்திருக்கிறார்: ஐந்து சாண் பருமன். நோயாளிகளுக்கும் தூர இடத்தில் இருந்து வந்து தங்க இடமில்லாதவர்களுக்கும் அங்கேயே கட்டில் போட்ட அறைகள் இருந்தன. அந்த வரியை வாசிக்கும்போது, பலெர்மோவுக்கு முதல் முதல் வந்து யாரோ ஒருவரின் அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் ஞாபகம் வந்தார்கள்.

சனம் அவருடைய பிரசங்கத்துக்கு மயங்கியது. அவரின் உடுப்பில் ஒரு துண்டாவது ஞாபகமாக வேண்டும் என்று கேட்டார்களாம்; அவரது சட்டை தோய்த்த பெண்ணை மற்றப் பெண்கள் பாக்கியசாலி என்றார்களாம். இன்னும் ஒரு வருடம் இருங்கோ என்று கெஞ்சியும் அவர் நிற்கவில்லை. மெசீனா, ரோட்ஸ், அலெக்சாந்திரியா, கெய்ரோ என்று போய் 1488 வசந்தத்தில் எருசலேம் சேர்ந்தார்.

அங்கே 70 யூதக் குடும்பம்தான், பெரும்பாலும் வறுமை. செத்தவரைத் தூக்க ஆளில்லாததால் தானே குழி தோண்டினார். பிறகு அந்தச் சனத்துக்குத் தலைவரானார், உரையை எழுதினார், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கேயே இறந்தார்.

இவர் பலெர்மோவை விட்டு ஐந்து வருடம்கூட ஆகவில்லை. 1492இல் ஸ்பெயின் அரசனின் கட்டளை அவன் ஆட்சிக்கு உட்பட்ட சிசிலிக்கும் வந்தது. உடுத்த உடுப்பு, படுக்கை, கொஞ்ச உணவு, சிறு பணம். அதோடு யூதர்கள் கப்பலேற வேண்டும். 1493 ஜனவரி 12 கடைசி நாள். இதை வாசித்தால் எங்களில் பலருக்கு 83 ஞாபகம் வரும், சரி. எனக்கு 1990 ஒக்டோபரும் வந்தது. அன்று யாழ்ப்பாணத்தில் இருந்து கையில் கொஞ்சக் காசோடு புலிகளால் துரத்தப்பட்டது முஸ்லிம் சனம். அந்தத் தெருக்களைப் பற்றி நாங்கள் எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம்?

விரட்டிய அதே 1492இல்தான் நாப்போலியில் மிஷ்னா முதல் முறை முழுதாக அச்சானது, மைமோனிடெஸ் என்ற இன்னொரு பேரறிஞரின் உரையோடு. ஒபதியாவின் உரை அவர் இறந்த பிறகு, 1548-49இல் வெனிஸில் வந்தது. நாலைந்து வருடத்தில், 1553இல், ரோமிலும் வெனிஸிலும் தல்மூத் பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிந்திய காலத்தில் இத்தாலியின் எபிரேயப் புத்தகங்களைத் தணிக்கைக்காரர்கள் திறந்து, பிடிக்காத வரிகளை மையால் அடித்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்கள். எரிந்தது போக, அடித்தது போக மிஞ்சியவைதான் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

உரை நூற்றாண்டுகளாக அச்சாகிக்கொண்டே இருக்கிறது. அப்பாவுக்கு எழுதிய கடிதம் 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. பலெர்மோவின் தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் இன்று சான் நிக்கோலோ தா தொலெந்தீனோ தேவாலயமும், நகராட்சியின் பழைய ஆவணக் காப்பகமும் நிற்கின்றன. அருகில் மெஸ்கீத்தா என்றொரு தெரு. அரபியில் பள்ளிவாசலைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர். சிசிலி யூதர்கள் தங்கள் தொழுகைக்கூடத்தை அப்படித்தான் அழைத்தார்கள். 2017 ஜனவரி 12 அன்று, கடைசிக் கப்பலுக்குக் குறித்த அதே திகதியில், கத்தோலிக்க மறைமாவட்டம் அந்தப் பகுதியில் ஒரு சிறு வழிபாட்டு மண்டபத்தை யூதர்களுக்குத் தொழுகைக்கெனக் கொடுப்பதாக அறிவித்தது. சந்தையில் இருந்து நடந்து போகிற தூரம்தான். அடுத்த முறை பிள்ளைகள் பலகையைக் காட்டிக் கேட்டால், சாமான் பையோடு அப்படியே ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ.